டஃபி புரதமும் மலைக்காய்ச்சலும்: போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவை முன்வைத்து ஒரு நோயெதிர்ப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

டஃபி என்னும் உயிரணு மேற்பரப்புப் புரதம் 1950இல் குருதி வகையாகவும், 1975–76இல் மலேரியா ஒட்டுண்ணியின் நுழைவாயிலாகவும், 1993இல் அழற்சிச் சமிக்ஞைகளை ஏற்கும் மூலக்கூறாகவும் அறியப்பட்டது. இந்த ஆய்வு வரலாற்றைப் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறிய தொழிலாளரின் காய்ச்சல் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது. காலனியக் காலத்தில் பரவலாக இருந்த 'இன எதிர்ப்பாற்றல்' என்னும் விளக்கத்திற்கு டஃபி ஆய்வு மூலக்கூற்றுச் சான்று வழங்கிவிட்டதாகக் கொள்ளும் போக்கு இச்சரிவுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: டஃபி புரதம், மலைக்காய்ச்சல், வைவாக்ஸ், கீமோகைன், ஏலமலை, போடிநாயக்கனூர், இன எதிர்ப்பாற்றல்.

முன்னுரை

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் இன்று நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் அறியப்படும் ஊர். 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை அத்திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தபின் போடி மேற்கு மலை பற்றி எழுதப்பட்டவை மிகப்பல. அவற்றுள் பெரும்பாலானவை பாறையையும் நீரையும் காட்டையும் பேசுபவை. அம்மலைச்சரிவில் ஏறி இறங்கிய மனித உடல்களின் வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவ்வுடல்களின் வரலாற்றில் மலேரியாவுக்கு நீங்காத இடம் உண்டு.

மலேரியா எதிர்ப்பைப் பாடநூல்கள் விளக்கும்போது இரண்டு எடுத்துக்காட்டுகள் தவறாமல் வரும். ஒன்று அரிவாள் சிவப்பணு. மற்றொன்று டஃபி. சிவப்பணுவின் மேற்பரப்பில் டஃபி புரதம் இல்லாதவர்க்கு வைவாக்ஸ் மலேரியா பெரும்பாலும் வருவதில்லை. மேற்கு, நடு ஆப்பிரிக்க மக்களிடையே இவ்வின்மை மிகப் பரவலாக உள்ளது. இவ்வளவும் சரி. ஆனால் வகுப்பறையில் இது 'சில மக்களுக்குப் பிறப்பிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு' என்னும் பொதுவிதியாகச் சுருங்கிவிடுகிறது. அவ்விதியை மலைக்காய்ச்சல் பற்றிய பழைய எழுத்துகளோடு சேர்த்துப் படிக்கும் மாணவர், மலைவாழ் மக்கள் தப்பியதற்கும் சமவெளிக் கூலிகள் மடிந்ததற்கும் குருதியே காரணம் என்று எளிதில் முடிவுகட்டிவிடுவார். அம்முடிவு தவறானது.

சரிவும் காய்ச்சலும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் அமைந்தது. அங்கிருந்து போடிமெட்டு வழியாக ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என ஏலக்காய் விளையும் மலைப்பகுதி விரிகிறது. அடிவாரம் சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்திலும், மேட்டுநிலம் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இருந்தன. தோட்டம் ஓர் அரசிலும் தொழிலாளியின் வீடு மற்றோர் அரசிலும் இருந்த இந்த ஏற்பாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். இதன் விளைவு பின்னர்க் கூறப்படும்.

இப்பகுதியின் காய்ச்சலுக்குத் தோட்டங்களைவிட மூத்த ஆவணம் உண்டு. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. எயின்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி ஆகியோரைக் கொண்ட அக்குழுவின் அறிக்கை 1816இல் இலண்டனில் அச்சாயிற்று. அதன் தலைப்பே அதனை 'மருத்துவ, புவியியல், வேளாண் அறிக்கை' என்று குறிக்கிறது. கொசு இன்னும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படாத காலம் அது. எனினும், காய்ச்சலின் காரணத்தை நிலத்திலும் நீரிலும் பருவத்திலும் தேடிய அக்குழுவின் பார்வை, பிற்காலத்து 'இன'ப் பார்வையைவிட உண்மைக்கு நெருக்கமானது என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைப் பெற்றார். அதன்பின் மலைமேல் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்தது. 1928இல் மதுரை – போடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சரக்கு இறங்கிய வழியிலேயே ஆட்கள் ஏறினர். ஏலக்காய் மரநிழலிலும் ஈரத்திலும் ஓடைக்கரைகளிலும் செழிக்கும் பயிர். புல்லடர்ந்த ஓரங்களைக் கொண்ட, மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளே அனாபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் கொசு முட்டையிடும் இடங்கள். இக்கொசுவே மேற்குத் தொடர்ச்சி மலையடிவார மலேரியாவின் முதன்மைக் கடத்தி. 1939இல் கோவெல், ஹர்பகவான் ஆகியோர் வயநாட்டு மலேரியா பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. பயிருக்கு உகந்த இடமும் கொசுவுக்கு உகந்த இடமும் ஒன்றாக அமைந்த நிலத்தில், கதவில்லாக் குடிசைகளில் தொழிலாளர் உறங்கினர்.

மக்கள் வழக்கில் இதற்கு மலைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் எனப் பல பெயர்கள் உண்டு. மண்ணீரல் வீங்கிக் கெட்டிப்படுவதைக் 'காய்ச்சற்கட்டி' என்றனர். 'முறை' என்னும் சொல் நோயின் இயல்பை நுட்பமாகச் சொல்கிறது. வைவாக்ஸ் ஒட்டுண்ணி 48 மணிக்கொரு முறை சிவப்பணுக்களை உடைத்து வெளிவருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலும் வருகின்றன.

தோட்ட மலேரியாவின் கொடுமையைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் பி. எச். டேனியலின் 'ரெட் டீ' நாவல் வழியாகவும், இரா. முருகவேளின் தமிழாக்கமான 'எரியும் பனிக்காடு' வழியாகவும் அறிவர். அது ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றியது. அதை எழுதியவர் அங்கே மருத்துவராகப் பணியாற்றியவர். ஏலமலைக்கு அத்தகைய நூல் வாய்க்கவில்லை. அதற்கான காரணத்தில் ஒரு பகுதியை வைவாக்ஸின் உயிரியலே தருகிறது எனலாம். கொசு கடித்து ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்தே காய்ச்சல் தொடங்கும். கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணிகள் வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் குருதிக்கு வரும். இவ்வுறங்கு நிலை உறுதிப்பட்டது 1980களின் தொடக்கத்தில்தான். அறுவடைக்கு மலையேறிச் சில வாரங்களில் ஊர் திரும்பிய தொழிலாளிக்குக் காய்ச்சல் ஊரில் வரும். அவருடைய நோய் மதுரை மாவட்டத்துக் கணக்கில் சேரும். தோட்டத்துக் கணக்கில் சேராது. எல்லைக்கோடு ஆட்களைப் பிரித்ததோடு நோயையும் அதன் காரணத்தையும் வெவ்வேறு ஏடுகளில் பிரித்தெழுதியது. எனவே, தோட்டங்களின் நோய்க்கணக்குகளை மட்டும் கொண்டு மலைக்காய்ச்சலின் அளவை மதிப்பிடுவது ஆய்வுமுறைப்படி ஏற்கத்தக்கதன்று.

'இன எதிர்ப்பாற்றல்' என்னும் கருத்து

19ஆம் நூற்றாண்டு வெப்பமண்டல மருத்துவத்தில், சில இனங்களின் உடல் காய்ச்சல் நிலத்திற்கு ஏற்றது என்றும் சிலவற்றினுடையது ஏலாதது என்றும் கருதப்பட்டது. இக்கருத்து தோட்ட முதலாளிகளுக்கு வசதியானது. தொழிலாளி மடிந்தால் குறை குடிசையிலோ கொய்னா வழங்காமையிலோ இல்லை, அவருடைய உடலில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா?

ஏலமலையில் முதுவர், மன்னான், பளியர் முதலியோர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இவர்களுள் முதுவரின் வழக்கு இங்கு மிகவும் கருதத்தக்கது. தாங்கள் மதுரைச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் மரபுவழிக் கூற்று. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுப்பு இவ்விடப்பெயர்வைப் போடிநாயக்கனூரில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றதோடு தொடர்புபடுத்தும் செய்தியையும் தருகிறது. வழக்காற்றை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆயினும் அதில் ஒரு பகுதியேனும் உண்மையெனில், 'காய்ச்சல் தாங்கும் மலைக்குருதி', 'தாங்காத சமவெளிக் குருதி' என்ற பிரிவினை சில நூற்றாண்டுகளுக்குள் தோன்றியிருக்க வேண்டும். மரபணு மாற்றம் ஒன்று ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் பரவ அக்காலம் போதாது.

மாற்று விளக்கம் இந்தியாவிலேயே உருவானது. எஸ். ஆர். கிறிஸ்டோஃபர்ஸ் சிங்பூம் பகுதியில் செய்த ஆய்வை 1924இல் வெளியிட்டார். மலேரியா இடைவிடாது நிலவும் ஊர்களில் குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணி மிகுந்தும், வயது ஏற ஏறக் குறைந்தும் இருப்பதை எண்ணிக்கை கொண்டு அவர் காட்டினார். பெரியவர்களின் எதிர்ப்பாற்றல், குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப நோயுற்றுப் பெற்றது. அப்பருவத்தைக் கடக்க முடியாத குழந்தைகளே அதற்குக் கொடுக்கப்பட்ட விலை. மலைவாழ் மக்கள் காய்ச்சலைத் தாங்குகிறார்கள் என்று எழுதியவர்கள் பிழைத்த பெரியவர்களையே பார்த்தார்கள். சமவெளியிலிருந்து வளர்ந்தபின் ஏறிய கூலிக்கு இந்தப் பயிற்சி கிட்டியிருக்க வாய்ப்பில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு பிறப்பில் அமைந்ததன்று. வாழ்ந்த இடத்தாலும் வயதாலும் நேர்ந்தது.

ஒரே புரதம், மூன்று அடையாளங்கள்

பெற்ற எதிர்ப்பாற்றல் என்னும் விளக்கம் நிலைபெற்றுவந்த காலத்தில்தான், உண்மையிலேயே பிறப்பில் அமைந்த எதிர்ப்பாற்றல் ஒன்று வேறொரு திசையிலிருந்து வெளிப்பட்டது. அத்திசை குருதியேற்றம்.

பலமுறை குருதி ஏற்றப்பட்ட ஒரு ஹீமோஃபிலியா நோயரின் குருதியில் புதிய எதிர்ப்பொருள் ஒன்றை மேரி கட்புஷ், பேட்ரிக் மாலிசன், டோரதி பார்க்கின் ஆகியோர் கண்டு, 1950இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். நோயரின் பெயரே அக்குருதி வகைக்கு ஆயிற்று. டஃபி-ஏ என்னும் அவ்வடிவத்தை அடுத்து, 1951இல் டஃபி-பி கண்டறியப்பட்டது. 1955இல் ரூத் சாங்கரும் உடனாய்வாளர்களும் நியூயார்க்கில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே இவ்விரண்டும் இல்லாத சிவப்பணுக்கள் பரவலாக இருப்பதைக் கண்டனர். 1968இல் இவ்வகையின் மரபணு முதலாவது குரோமோசோமில் இருப்பது உறுதியாயிற்று. பால்சாரா மனிதக் குரோமோசோம் ஒன்றில் இடம் குறிக்கப்பட்ட முதல் மரபணு இதுவே. இவ்வளவு அறிந்தும் அப்புரதம் எதற்காக இருக்கிறது என்பது விளங்கவில்லை.

தனியாக மற்றொரு செய்தியும் கிடந்தது. நரம்புச் சிபிலிஸுக்கு மலேரியாக் காய்ச்சலையே மருந்தாகக் கொடுத்த காலத்தில் (இம்முறைக்காக வாக்னர்-யாரெக்குக்கு 1927இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது), அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு வைவாக்ஸ் ஏற்றினால் பெரும்பாலும் காய்ச்சல் வருவதில்லை என்பதை 1933இல் பாய்டும் ஸ்டிராட்மன்-தாமஸும் பதிவுசெய்தனர்.

இவ்விரு செய்திகளையும் இணைத்த கருவி கல்கத்தாவில் கண்டறியப்பட்ட ஒரு குரங்கு மலேரியா ஒட்டுண்ணி. 1932இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நேப்பியர், கேம்ப்பெல் ஆகியோர் அதனை விவரித்தனர். அதே ஆண்டு நோல்ஸும் தாஸ்குப்தாவும் அது மனிதருக்கும் தொற்றும் என்று காட்டினர். நோல்ஸின் பெயரால் அது பிளாஸ்மோடியம் நோலெசி எனப்பட்டது. வைவாக்ஸை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினமாதலால், லூயி மில்லரின் குழு இவ்வொட்டுண்ணியைப் பயன்படுத்தி, டஃபி இல்லாத மனிதச் சிவப்பணுக்களுக்குள் அது நுழைய இயலாமையை 1975இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அக்குழு வெளியிட்ட ஆய்வில், வைவாக்ஸ் தாங்கிய கொசுக்களால் கடிக்கப்பட்ட தன்னார்வலர்கள் 17 பேர்: கறுப்பினத்தவர் 11, வெள்ளையர் 6. குருதியில் தொற்று ஏற்படாதவர்கள் ஐவர். அவ்வைவரும் டஃபி இல்லாதவர்கள். எஞ்சிய கறுப்பினத்தவர் அறுவருக்கும் வெள்ளையரைப் போலவே தொற்று ஏற்பட்டது. இக்கடைசிச் செய்தியே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு. எதிர்ப்பைத் தீர்மானித்தது தோலின் நிறமோ இனமோ அன்று. ஒரு குறிப்பிட்ட புரதம் இருப்பதும் இல்லாமையுமே. ஆனால் அவ்வாய்வுக் கட்டுரையின் தலைப்பு 'கறுப்பினத்தவரிடம் உள்ள எதிர்ப்புக் காரணி' என்றே அமைந்தது. தலைப்பு நினைவில் நின்றது, அறுவர் மறக்கப்பட்டனர்.

மூன்றாவது அடையாளம் அழற்சி ஆய்விலிருந்து வந்தது. திசு காயமுறும்போதோ கிருமி நுழையும்போதோ உயிரணுக்கள் கீமோகைன் என்னும் சிறு புரதங்களை வெளியிடுகின்றன. அவை வெள்ளணுக்களை அவ்விடத்திற்கு அழைக்கும் சமிக்ஞைகள். அவற்றுள் ஒன்றான இண்டர்லூக்கின்-8ஐச் சிவப்பணுக்கள் உறிஞ்சிக்கொள்வதை 1991இல் டார்போனும் பிறரும் கண்டனர். ஆக்சிசன் சுமப்பதே சிவப்பணுவின் வேலை என்று கருதியிருந்தோர்க்கு இது வியப்பளித்தது. 1993இல் ஹோருக்கின் குழு, கீமோகைனைப் பிடிக்கும் அவ்வேற்பியும் வைவாக்ஸ் பற்றும் டஃபி புரதமும் ஒன்றே எனக் காட்டியது. அதே ஆண்டு நியூயார்க் குருதி மையத்தில் அசோக் சௌதுரியும் உடனாய்வாளர்களும் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தனர்.

இப்புரதம் உயிரணுச் சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கிறது. வழக்கமான கீமோகைன் ஏற்பிகள் சமிக்ஞையைப் பிடித்ததும் உயிரணுவின் உள்ளே செய்தி அனுப்பும். டஃபி அவ்வாறு செய்தி அனுப்புவதில்லை; பிடித்து வைத்துக்கொள்ளும், அல்லது இடம் மாற்றும். சிவப்பணுவில் அது குருதியில் மிதக்கும் கீமோகைன்களைத் தேக்கி, அவற்றின் அளவைச் சீராக்குகிறது. நுண்சிரைகளின் உட்சுவரில் அதன் பணி வேறு: திசுவின் பக்கமிருந்து கீமோகைனை வாங்கிக் குருதியோடும் பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறது, ஓடிச்செல்லும் வெள்ளணு அதைக் கண்டு சுவரில் ஒட்டித் திசுவுக்குள் இறங்குகிறது. ஓரிடத்தில் அழற்சியைத் தணிக்கவும் மற்றோரிடத்தில் வளர்க்கவும் ஒரே மூலக்கூறு பயன்படுவது இங்கு நோக்கத்தக்கது.

1995இல் துர்னமிலும் பிறரும் ஆப்பிரிக்க 'இன்மை'யின் காரணத்தை விளக்கினர். மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஓர் எழுத்து மாறியதால், சிவப்பணு உருவாகும் இடத்தில் மட்டும் அம்மரபணு இயங்குவதில்லை. குருதிநாளச் சுவரில் புரதம் வழக்கம்போல் உள்ளது. இத்தகையோரின் குருதியில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் இயல்பாகவே குறைந்திருப்பதற்கும் இவ்வெழுத்து மாற்றமே காரணம் என்று 2009இல் தெரியவந்தது. நலமாக இருப்பவரின் இயல்பான எண்ணிக்கையை, ஐரோப்பியரின் அளவுகோலை வைத்துக் குறைபாடு என்று பலகாலம் மருத்துவம் எழுதிவந்தது. மலைக்காய்ச்சல் வரலாற்றிலும் காண்பது இதே வகைப் பிழை: ஒரு கூட்டத்தாரின் உடலை இயல்பாகக் கொண்டு மற்றொரு கூட்டத்தாரின் உடலைக் குறையாகவோ விந்தையாகவோ எழுதுதல்.

சரிவில் எல்லார்க்கும் திறந்த வாயில்

இனி ஏலமலைக்குத் திரும்பலாம். இந்தியாவில் டஃபி-ஏ, டஃபி-பி வடிவங்கள் பரவலாக உள்ளன. இரண்டும் இல்லாத சிவப்பணு மிக அரிது. ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்கள் போன்றோரிடம் அது காணப்படுவது அவர்களின் இடப்பெயர்வு வரலாற்றால் விளங்கும். போடிச் சரிவின் கூலிகளோ ஏலமலைக் குடிகளோ பரவலாக டஃபி அற்றவர்களாக இருந்தனர் என்று கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. வைவாக்ஸ் இந்தியா முழுவதும் காலங்காலமாக வேரூன்றியிருப்பதே இதற்கு மறுபக்கச் சான்று. டஃபி அற்றவர்கள் மிகுந்த மேற்கு ஆப்பிரிக்காவில் அது மிக அரிதாகவே காணப்படுகிறது.

ஆகவே, இச்சரிவில் டஃபி விளக்குவது வேறுபாட்டையன்று, ஒருமையை. முதுவருக்கும் போடிக் கூலிக்கும் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளருக்கும் சிவப்பணுவின் வாயில் ஒரே வகையில் திறந்திருந்தது. மேலாளர் குறைவாக நோயுற்றிருந்தால் அதற்குக் கொசுவலையும் கொய்னாவும் மேட்டுப் பங்களாவுமே காரணங்களாக இருக்க முடியும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, டஃபி வடிவங்களுக்கிடையே வேறுபாடு உண்டே என்பது. டஃபி-ஏ வடிவத்தில் ஒட்டுண்ணியின் பற்று தளர்வாக உள்ளது என்றும், அது வைவாக்ஸ் நோயைக் குறைக்கிறது என்றும் 2011இல் கிங்கும் பிறரும் காட்டியுள்ளனர். இது அளவில் அமைந்த வேறுபாடு. வாயிலை ஒடுக்குகிறது, அடைப்பதில்லை. மேலும் இவ்வடிவம் மலைக்கும் சமவெளிக்கும் பொதுவானது. இரண்டாவது மறுப்பு வலுவானது: உயிர்குடித்த மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம், அதற்கு டஃபி தேவையில்லை என்பது. பழைய ஆவணங்களின் 'காய்ச்சல்' என்னும் ஒற்றைச்சொல் இரண்டையும் உள்ளடக்கியது என்பதால் இம்மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இது இன விளக்கத்திற்கு உதவாது. டஃபியைச் சான்றாகக் காட்டும் உரிமையை அதனிடமிருந்து முற்றாகப் பறிக்கிறது. 'தீங்கற்ற' மலேரியா என்று வைவாக்ஸைப் பழைய நூல்கள் அழைத்ததும் இங்குத் திருத்தத்திற்குரியது. குறைந்த அளவு ஒட்டுண்ணியே குருதியில் இருக்கும்போதும் வைவாக்ஸ் கடுங்காய்ச்சலை எழுப்புகிறது. உடலின் அழற்சி எதிர்வினையே அக்காய்ச்சல். மீண்டும் மீண்டும் வரும் அக்காய்ச்சலால் குருதிச்சோகையுற்ற கூலிக்கு நாள்கூலி இல்லை. அவர் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும்.

விடுதலைக் காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் நோயுற்றதாகவும் 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. 1960களின் நடுவில் ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்த நோயர் எண்ணிக்கை, 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. மில்லரின் தன்னார்வலர் ஆய்வு அச்சான அதே ஆண்டு அது. இந்தப் பத்தாண்டில் இந்தியர்களின் குருதி மாறிவிடவில்லை. மருந்துதெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன, டி.டி.டி.க்குக் கொசு பழகிவிட்டது.

வாயில் எல்லார்க்கும் திறந்திருப்பின், அதை அடைக்கும் முயற்சியும் எல்லார்க்கும் பயன்படும். இவ்வகையில் டஃபி ஆய்வு இந்தியாவுக்கு வேறொரு பொருள் பெற்றது. டஃபியைப் பற்றும் ஒட்டுண்ணிப் புரதத்தின் பற்றுபகுதியை 1994இல் சேத்தன் சிட்னிஸும் மில்லரும் அடையாளம் கண்டனர். பின்னர்ப் புதுதில்லிப் பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையத்தில் சிட்னிஸின் குழு அப்பகுதியைத் தடுப்பூசியாக உருவாக்கியது. அதன் முதற்கட்ட மனித ஆய்வு இந்தியாவில் நடந்து, 2018இல் முடிவுகள் வெளியாயின. 2023இல் ஆக்ஸ்போர்டில் வெளியான ஆய்வில், இப்புரதம் செலுத்தப்பட்டவர்களின் குருதியில் ஒட்டுண்ணி பெருகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மறுபுறம், டஃபி அற்றவர்களையும் வைவாக்ஸ் தொற்றியிருப்பதை 2010இல் மடகாஸ்கர் ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்க எதிர்ப்பும் முழுமையானதன்று. ஒட்டுண்ணி வேறு வழியும் தேடுகிறது.

ஏலத்தோட்டங்களுக்கு இன்றும் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியலில் ஜீப்புகள் ஏறுகின்றன. அவற்றோடு ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து தோட்டங்களிலேயே தங்கும் தொழிலாளரும் சேர்ந்துள்ளனர். கிறிஸ்டோஃபர்ஸ் குழந்தைகளின் குருதியை எண்ணிய சிங்பூம் இன்று ஜார்க்கண்டில் உள்ளது. 2030க்குள் மலேரியாவை அகற்றும் தேசிய இலக்கையொட்டி இவர்களிடம் குருதிச் சோதனை செய்யப்படுகிறது. அப்பதிவேட்டில் சொந்த மாநிலத்திற்கு ஒரு கட்டம் உண்டு. கடந்த ஆறு மாதங்களில் எந்த ஓடையருகே, எத்தகைய குடியிருப்பில், எத்தனை இரவுகள் உறங்கினார் என்பதற்கும் கட்டம் வேண்டும். பிற்கால வரலாற்றாய்வாளர்க்கும் மலையில் கிடைக்க வேண்டிய தரவு அதுவே.